தராசுக்கு மட்டும் ஆளு வெக்காதடா!

பேராண்டி, மலையடிவாரத்துல கெடக்கற நம்ம மூணு ஏக்கர் கொல்லைய என்னா செய்யறதுன்னு சோழிங்கநல்லூர்லேர்ந்து போன் போட்டுக் கேக்கற. ஆளு வெச்சுப் பாக்கறதா, குத்தகைக்கு விடறதா, இல்ல வேலைய ஒதறிட்டு வந்து நீயே மம்பட்டியப் பிடிக்கறதா? நல்ல கேள்வி. ஆனா கேக்கறது யாரு? அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரி பில்லுக்குக் கணக்கு எழுதற ஆளு. அவனுக்கு அதைப் பாக்க நேரமில்ல, உன் தலையில கட்டிட்டான். உனக்கு உன் கொல்லையப் பாக்க நேரமில்ல, கச்சிராயபாளையத்து ஆளு தலையில கட்டப் பாக்கற. அவன் கழனியில நாத்து நட ஆளில்லாம மேற்கு வங்காளத்துப் பையனுங்க வந்து நட்டுக்கிட்டு இருக்கானுங்க. மேல கல்வராயன் மலையில இருக்கறவன் சாமைக் கொல்லைய அப்படியே போட்டுட்டு குடகுக்கு மிளகு பறிக்கப் போறான். ஆக ஊருல ஒருத்தனும் சோம்பேறி கெடையாது. எல்லாரும் அடுத்தவன் வேலைய ரொம்ப ஒழுங்கா செய்யறோம்.

உங்கப்பன்கிட்ட கேட்டியாம், "தன் கையே தனக்குதவி"ன்னானாம். சொல்லுவான். குளிச்சிட்டு வந்தா துண்டக்கூட உங்கம்மா தான் எடுத்துக் குடுக்கணும், அவன் கையி யாருக்கு உதவிச்சுன்னு உங்கம்மாவைக் கேளு.

ஆளு வெச்சு வேலை பாக்கற விசயத்துல நம்ம மலைக்குத் தெரியாத பாடம் இல்லடா. மலையவே ஒரு காலத்துல ஒப்பந்தத்துக்கு விட்டவனுங்க. விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர் குடுத்ததுன்னு பெரியவங்க கதை சொல்லுவாங்க. அவரு வந்து என்கிட்ட சொல்லல. ஆனா சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன்னு மூணு ஜாகிர் இருந்தது நெசம். ராசாவுக்கு மலையேறி வரி வாங்க முட்டி வலி. "நீயே வாங்கு, நீயே ஆளு"ன்னு விட்டாச்சு. அப்பறம் வந்த வெள்ளைக்காரனுக்கும் அதே முட்டி வலி. மேல இருந்த மலையாளிப் பழங்குடி சனங்க உழுதாங்க, வரி கட்டினாங்க, ஜாகிர்தாருக்குச் சும்மாவும் ஒழைச்சாங்க. ராசா போனாரு, வெள்ளைக்காரன் போனான், 1947-ல ஊரெல்லாம் கொடியேத்தினாங்க. ஒப்பந்தம் மட்டும் போவல. ஜாகிர் ஒழிஞ்சு மலை அரசாங்கத்து கைக்கு வந்தது 1976-ல. நடுவுல 29 வருசம் சுதந்திரம் கீழ நின்னு மலையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. 2024-ல சென்னை ஐகோர்ட்டு தானா வழக்கு எடுத்து, அந்த சனங்களுக்கு ரோடு எங்க, ஆஸ்பத்திரி எங்கன்னு கேக்க வேண்டியதாச்சு. குடுத்தவன் செத்து நானூறு வருசம் கழிச்சும் ஒப்பந்தம் உசுரோட இருந்த ஊரு இது. அதனால குத்தகைச் சீட்டு எழுதினா மொதல்ல முடியற தேதிய எழுது, அப்பறம் உன் பேர எழுது.

சரி, கிழங்குக்கு வா. நம்ம கொல்லையில இப்போ நிக்கறது மரவள்ளி. யாவாரி ஒருத்தன் வந்துட்டுப் போனான். கொல்லையோட விலை பேசறேங்கறான். பிடுங்கறது அவன் பாடு, லாரி அவன் பாடு, பேக்டரிக்குப் போறது அவன் பாடு, உன் பாடு பணத்தை எண்ணறது. கேக்க எவ்வளவு குளுமையா இருக்குது பாரு. மாதிரிக்கு நாலு செடி பிடுங்கிப் பாத்தான். எந்த நாலு? வேப்பமரத்து நெழலுல, எலி கடிச்சு, வரப்போரமா நோஞ்சானா நின்ன நாலு. நடுக்கொல்லைக்கு அவன் காலு வழி தெரியாதாம். நான் போயி நடுவுல ஒன்னு பிடுங்கிக் காட்டினேன். "அது விதிவிலக்குங்க பெரியவரே"ங்கறான்.

பிடுங்கறது பெரிய வித்தை இல்லடா. கூலிக்கு ஆளு வெச்சுக்கோ, தாராளமா வெச்சுக்கோ. உன் இடுப்பு நாற்காலியில வளந்த இடுப்பு. நாலு செடிக்கு மேல தாங்காது, அப்பறம் நான் தான் தைலம் தடவணும். லாரியும் வாடகைக்கு எடு. ஆனா லாரியோட நீ போவணும்.

ஏன்னா பேக்டரியில கிழங்கு எடைக்கு மட்டும் விலை போறதில்ல. மாவு எவ்வளவு இருக்குதுன்னு பாயிண்டு பாத்து தான் விலை. அதை எப்படிப் பாக்கறாங்கன்னு கேளு, பெரிய ரகசியம் ஒன்னும் இல்ல. கொஞ்சம் கிழங்கை எடுத்து காத்துல ஒரு தடவ எடை போடுவாங்க, தண்ணிக்குள்ள முக்கி ஒரு தடவ எடை போடுவாங்க. மாவு தண்ணிய விட கனம், அதனால மாவு சாஸ்தியா இருக்கற கிழங்கு தண்ணிக்குள்ளயும் எடை காட்டும். சத்தில்லாத கிழங்கு லேசாயிடும். அம்புட்டு தான். ஆனா அந்தக் கிழங்கை லோடுல எந்த மூலையிலேர்ந்து எடுத்தான், மண்ணுக்கும் வேருக்கும் கழிவு எவ்வளவு போட்டான்னு பக்கத்துல நிக்கறவனுக்குத் தான் தெரியும். திருப்பி எடுத்துட்டு வரலாம்னா அதுவும் முடியாது. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளுல உள்ள கருத்துப் போவும். அது உனக்கும் தெரியும், வாங்கறவனுக்கும் தெரியும்.

நம்ம தெருவுல ஒருத்தன், பேரு வாணாம், உனக்கு மாமன் முறை. டிரைவர்கிட்ட லோடை விட்டுட்டு வூட்டுல சீரியல் பாத்துக்கிட்டு இருந்தான். சீட்டு வந்துச்சு. என்கிட்ட எடுத்துட்டு வந்து, "மாமா, பாயிண்டு கொறைஞ்சிடுச்சுன்னு போட்டிருக்குது, பாயிண்டுன்னா என்னா?"ன்னான். தாடி நரைக்கற வரைக்கும் மரவள்ளி போட்டவன் கேக்கற கேள்வி! ஏமாத்தினாங்களான்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நியாயமான எடையாக்கூட இருந்திருக்கும். ஆனா அழறதா சிரிக்கறதான்னு தெரியாம சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான் பாரு, அந்த மூஞ்சி உனக்கு வரக்கூடாது.

"உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக்கூட மிஞ்சாது"ன்னு ஒரு பழமொழி உண்டு. உழுதவன் சொன்ன பழமொழின்னு நெனைக்கறியா? நெல்லு வாங்க வந்தவன் சொல்லிட்டுப் போயிருப்பான்டா. உழுதவன் கணக்குப் பாக்காம இருந்தா யாருக்கு லாபம்னு யோசி.

நம்ம கிழங்குலேர்ந்து பேக்டரிக்காரன் செய்யற ஜவ்வரிசி கதையே சேதி உள்ளது. முந்தி மலேயா, சிங்கப்பூர் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்த சாமான் அது. ரெண்டாவது உலகப் போருல கப்பல் நின்னு போச்சு. சேலத்துல மாணிக்கஞ் செட்டியாருன்னு ஒருத்தரு, மீனு யாவாரத்துக்குக் கேரளா பக்கம் போயி மரவள்ளி மாவைப் பாத்தவரு, 1943 வாக்குல இங்கயே கிழங்கை அரைச்சு, பாலை வடிகட்டி, மாவை உருட்டி வறுத்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாரு. குடிசைத் தொழிலா கெளம்பினது, ஆத்தூரு, சின்னசேலம்னு நம்ம பக்கமும் பரவிடுச்சு. அப்பறம் பேக்டரிக்காரங்க புரோக்கரு நெருக்கடி தாங்காம 1981-ல சேலத்துல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கம் கட்டினாங்க. சாமான வெக்க குடோனு, விக்க ஏலம், எல்லாம் சங்கத்து வழியா. இதுல கவனி: அவங்க தனித்தனியாவும் விக்கல, விக்கற வேலைய அடுத்தவன்கிட்டயும் விடல. சேந்துக்கிட்டாங்க. நம்ம ஆளு? அதே கிழங்கை ஆளுக்கொரு டிராக்டர்ல ஏத்திக்கிட்டு, ஒருத்தன் விலைய ஒருத்தன் மறைச்சுக்கிட்டு, கேட்டுல வரிசையா நிக்கறோம். நீயா நானான்னு ரெண்டே வழி இருக்கற மாதிரி கேக்கற பாரு, அந்த மூணாவது வழிய நம்ம ஊருல ஒருத்தனும் வாயால சொல்றதில்ல. பங்காளிய நம்ப முடியாது, ஆனா முகம் தெரியாத யாவாரிய நம்பலாம். நல்ல சனம் நாம.

எல்லா வேலையையும் அடுத்தவன்கிட்ட விடாதேன்னு நான் சொல்றதா எடுத்துக்காத. விட்டே ஆவ வேண்டிய வேலை உண்டு. 2020 வாக்குல மரவள்ளியில மாவுப்பூச்சி வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? குருத்தெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி சுருண்டு போச்சு. ஆளாளுக்கு மருந்தடிச்சோம், பூச்சி கொழுத்துச்சு. அது தென் அமெரிக்காக்காரன். முந்தியே ஆப்பிரிக்காவுல போயி அட்டகாசம் பண்ணி, அங்க ஒரு குளவிய விட்டு அடக்கியிருக்காங்க. அந்த வேலைக்கு ஹான்ஸ் ஹெரன்ங்கற விஞ்ஞானிக்கு 1995-ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. அதே குளவிய 2021-ல பெனின் நாட்டுலேர்ந்து பெங்களூரு ஆராய்ச்சிக்காரங்க கொண்டாந்து வளத்து, 2022 மார்ச்சுல நம்ம ஆத்தூரு பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல வெச்சு விட்டாங்க. கண்ணுக்கே சரியாத் தெரியாது, அம்மாம் பொடிசு. மாவுப்பூச்சி வயித்துக்குள்ளயே முட்டை வெக்கும். கூலி கேக்கல, டீ கேக்கல, அட்வான்ஸ் கேக்கல, மத்தியானம் படுக்கல. அப்படி ஒரு ஆளு கெடைச்சா விடாத, பிடிச்சுக்கோ. அவனுக்கு நீ செய்ய வேண்டிய ஒரே உபகாரம் கண்ட மருந்தை அடிச்சுக் கொல்லாம இருக்கறது. அதையே நம்மாளு செய்ய மாட்டேங்கறான். கை அரிக்குது.

இப்போ உன் ரெண்டாவது நோய்க்கு வரேன். "எல்லாம் நானே செய்யறேன் தாத்தா, யூடியூப்ல பாத்துட்டேன்"ங்கறியே, அது. உன் பெரியப்பன் கரும்பு போட்டிருக்கான். ஏக்கருக்கு 40 டன் வந்தா நல்ல கரும்பு. தேர்ந்த வெட்டாளு ஒரு நாளைக்கு ஒரு டன்னு, கொஞ்சம் கூடவே, வெட்டி தோகை உரிச்சு கட்டிப் போடுவான். நீ தேராத ஆளு. உனக்குப் பாதின்னு வெச்சுக்குவோம். ஒரு ஏக்கர வெட்டி முடிக்க ரெண்டரை மாசம் போல ஆவும். வெட்டின கரும்பு மறுநாளே சர்க்கரைய இழக்க ஆரம்பிக்கும். கடைசிக் கட்டைக் கட்டறதுக்குள்ள மொதல் கட்டு அடுப்புக்குத் தான் ஆவும். சரி, ஆளு வெக்கலாம்னா மேஸ்திரி முன்பணம் வாங்கிட்டு போனை ஆப் பண்ணிடறான். 2024-25 பருவத்துக்கு மத்திய விலை 3,151 ரூபா, மாநிலம் குடுத்த ஊக்கத்தொகை 349, ஆக டன்னு 3,500. அதுல வெட்டுக்கூலின்னு ஆயிரத்துக்கு மேல எடுத்து வெச்சுட்டுத் தான் உன் பெரியப்பன் மூச்சே விடறான். கசக்குது தான். ஆனாலும் அந்த வேலைய ஆளுக்குத் தான் விடணும், சேந்து மெசினு வாடகைக்குப் பேசினா இன்னும் நல்லது. கரும்புக் கொல்லையில நீ வீரத்தைக் காட்டினா கரும்பு சிரிக்காது, காயும்.

"நாமளே செய்யறது"ன்னு பெருமை பேசறவனைப் பாத்தா எனக்கு இன்னொரு சந்தேகமும் வரும். நாமன்னா யாரு? மலையில ஒரு பெரிய மனுசன் என்கிட்ட நெஞ்ச நிமித்திச் சொன்னான், "எங்க வூட்டுல கடை அரிசி வாங்கறதில்லைங்க, எங்க சாமைய நாங்களே இடிச்சுத் தின்னறோம்"னு. உள்ள உரல் பக்கத்துல அவன் சம்சாரம் உலக்கையோட நின்னுக்கிட்டு இருந்தா. சாமையில உமி போவணும்னா குத்தணும், புடைக்கணும், திரும்பக் குத்தணும், திரும்பப் புடைக்கணும். ஒரு வேளைச் சோத்துக்குத் தோளு கழண்டு போவும். இவன் அந்த உலக்கையத் தொட்டது கல்யாணத்தன்னைக்கு தாண்டுறதுக்குத் தான். (உள்ளேர்ந்து உன் பாட்டி கனைக்கறா. எனக்கும் சேத்து தான் கனைப்பு, தெரியுது.) மெசினு இல்லாத ஊருல பொம்பளைங்க சாமைய இடிக்க முடியாம விட்டாங்க, ஆம்பளைங்க "சாமை வெளையறதில்ல"ன்னு ஊருக்குச் சொன்னாங்க. சாமை வெளைஞ்சது, முழுசா யாவாரி மூட்டையில கீழ போச்சு, மேல ரேசன் அரிசி வந்துச்சு. இப்போ பட்டணத்துல நீ ஆன்லைன்ல கிலோ கணக்குல வாங்கித் தின்னற சாமை எங்க அரைபட்டு வருதுன்னு பாக்கெட்டைத் திருப்பிப் பாரு. பக்கத்துக் கொல்லிமலையில எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க பொம்பளைங்க குழுவுக்கு உமி நீக்கற சின்ன மெசினுங்களை வெச்சுக் குடுத்தாங்க. அங்க இடிக்கற வேலை மெசினுக்குப் போச்சு, தானியம் மலையிலயே நின்னுச்சு. விட வேண்டியதை விட்டு, வெச்சுக்க வேண்டியதை வெச்சுக்கறதுன்னா அதைச் சொல்லுவேன்.

நீ ஒரு தடவ சொன்னியே, ஏரோப்ளேன் செய்யற போயிங்குக்காரன் சமாச்சாரம், அதை நம்ம டீக்கடையில சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. 787-ன்னு ஒரு ரகம். றெக்கைய ஜப்பான்ல, ஒடம்புத் துண்டை இத்தாலியிலன்னு ஊரூரா வேலைய விட்டான். துண்டுங்க வந்து சேந்தா துண்டுக்குத் துண்டு பொருந்தல. 2008-ல குடுக்கறேன்னது 2011-ல தான் போயி சேந்துச்சு. 2005-ல தன் சொந்தப் பட்டறை ஒன்ன, ஒடம்பு செய்யற பட்டறைய, வித்துட்டான். 2024 ஜனவரியில வேற ஒரு ரகத்துல, ஆகாசத்துல போயிக்கிட்டு இருக்கும்போதே பக்கவாட்டு அடைப்பு பிச்சுக்கிட்டுப் போச்சு. தேடிப் பாத்தா நாலு போல்ட்டு மாட்டவேயில்ல. கழட்டினது யாரு, மாட்ட வேண்டியது யாருன்னு சீட்டும் இல்ல. 2005-ல வித்த அந்தப் பட்டறைய அதே 2024-லயே திரும்ப வாங்கறேன்னு ஒப்பந்தம் போட்டான். படிச்சவன், பணக்காரன், கண்ணாடிக் கட்டடத்துல ஒக்காந்திருக்கறவன்டா! நம்ம தெரு மாமன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அதே மூஞ்சி. அன்னிலேர்ந்து மாமன் மேல எனக்கு மரியாத கூடிப் போச்சு.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. டவுனுக்கு வந்தா அந்தப் பட்டறைங்க பக்கம் ஒரு நடை போயிட்டு வா. கட்டை அறுக்கறது மெசினு, கொத்தித் தள்ளறது சின்னப் பசங்க, உப்புத்தாளு தேய்க்கறது இன்னொருத்தன். மூஞ்சிக்குன்னு வரும்போது பெரிய ஆசாரி எழுந்து வருவாரு. அவரும் அறுத்தவரு, தேய்ச்சவரு தான். அதனால தான் பையன் உளி தப்பாப் பிடிச்சா முதுகுக்குப் பின்னால நின்னே சத்தத்தை வெச்சுச் சொல்லுவாரு. நீ உன் கொல்லையில அறுக்காதவன், தேய்க்காதவன். ஒரு வருசமாவது லீவுல வந்து எல்லாத்தையும் கோணல் மாணலாச் செஞ்சு பாத்துட்டு, அப்பறம் ஆளுகிட்ட விடு. அவன் வரப்புல ஒக்காந்து பீடி பிடிச்சா "ஓய்வா, ஏய்ப்பா"ன்னு உனக்குத் தெரியும். செஞ்சு பாக்காதவனுக்கு ரெண்டும் ஒன்னு தான்; நல்ல ஆளையும் திட்டுவான், கெட்ட ஆளுக்கும் போனஸ் குடுப்பான்.

வேலைய ஒதறிட்டு வரேன்னு மட்டும் பொங்காத. உன் சம்பளத்துல தான் போர் மோட்டாருக்கு காயில் கட்டினோம், அதை மறந்துட்டுப் பேசக்கூடாது. கொல்லைய வாரத்துக்கு விடு, உழவுக்கு டிராக்டர் பேசு, களையெடுக்க ஆளு வெய்யி. நடற குச்சிய மட்டும் நீயே வந்து பொறுக்கு. தேமல் விழுந்த செடியில வெட்டின குச்சிய நட்டா நோயும் சேந்து மொளைக்கும், கூலிக்கு வந்தவன் அதைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டான். அவன் மேல குத்தமில்ல, அவனுக்குக் கட்டு எண்ணிக்கைக்குத் தான் கூலி. கணக்கு நோட்டு உன் கையெழுத்துல இருக்கணும். தராசுக்கிட்ட நம்ம வூட்டு ஆளு ஒருத்தன் நிக்கணும். இத்தனை நாளு நான் நின்னேன். இப்போ அந்தத் தண்ணித் தராசு முள்ளு எனக்கு ரெண்டா தெரியுது, பேக்டரிப் பையன் எந்த முள்ளைச் சொல்றான்னு கண்டுபிடிக்க முடியல.

தை பொறந்ததும் கிழங்கு பிடுங்கறோம். மூணு நாளு லீவு சொல்லிட்டு வா. எக்மோருலேர்ந்து சேலம் போற ரயிலு சின்னசேலத்துல நிக்கும், தூங்கி ஆத்தூருக்குப் போயிடாத. லாரி விடியக்காலம் கெளம்பிடும். அந்த யாவாரி உனக்கே நேரா போன் போட்டு, "தம்பி, தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, நம்ம பேசி முடிச்சிக்கலாம்"பான். நடுக்கொல்லையில நாலு செடி பிடுங்கச் சொல்லிட்டு வெய்யி போனை.